சர்க்கரை ஆலை நீராவி எஞ்சின்: வாசலில் நிறுத்துவதா, ஓட வைப்பதா?

மார்ச் 3, வாசகர் கேள்வி

மூடிப்போன சர்க்கரை ஆலை ஒன்றில் குறுகிய பாதை நீராவி எஞ்சின் ஒன்று கூரையில்லாமல் கிடக்கிறது. துருவைச் சுரண்டி, கருப்பு பெயின்ட் அடித்து, சக்கரத்துக்குச் சிவப்பு பூசி வாசலில் நிறுத்திவிடலாம் என்கிறார்கள் பொறுப்பில் இருப்பவர்கள். ஓடாத எஞ்சின் வெறும் இரும்புதானே, ஓட வைத்தால்தான் அது பாதுகாப்பு என்பது என் கட்சி. எது சரி?

மார்ச் 4

இரண்டு கட்சியையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதல் வேலை புகைபோக்கியின் வாயை ஒரு தகரத்தால் மூடிக் கட்டுவது. சிரிக்காதீர்கள், பாதி எஞ்சின்கள் சாவது இந்த ஒரு ஓட்டையால்தான். மழைத்தண்ணீர் புகைபோக்கி வழியாக நேரே புகைப்பெட்டிக்குள் இறங்குகிறது. அங்கே கடைசி அரவையில் எரிந்த சாம்பல் அப்படியே கிடக்கும். நிலக்கரிச் சாம்பலாக இருந்தால் அதிலுள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகித் தகட்டைத் தின்னும். கரும்புச் சக்கை சாம்பலாக இருந்தாலும் ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் கை வைத்த எஞ்சினில் முன்கதவைத் திறந்து அடிப்பகுதியில் ஸ்க்ரூடிரைவரை லேசாக ஊன்றினேன், கைப்பிடி வரை உள்ளே போய் மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. மேலே பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருந்தது! யாரோ ஒரு விழாவுக்கு அடித்திருக்கிறார்கள்.

அடுத்து பாய்லரில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா பாருங்கள். முழுக்கக் காலியாகவும் இல்லாமல், நிறைந்தும் இல்லாமல், அடியில் கொஞ்சம் மட்டும் தேங்கி நிற்பதுதான் மோசம். தண்ணீரும் காற்றும் சந்திக்கும் கோட்டில் தகடு குழி குழியாக அரிக்கும். கழுவுவதற்காக வைத்திருக்கும் பிளக்குகளைக் கழற்றி வடித்துவிட்டு, ஒன்று எல்லாவற்றையும் திறந்துவைத்துக் காற்றோட விடுங்கள், இல்லை நன்றாகக் காய வைத்து உள்ளே சுட்ட சுண்ணாம்புத் தட்டு வைத்து இறுக்கி மூடுங்கள். அந்தச் சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பழைய முறைதான், ஆனால் வேலை செய்யும். பாதி திறந்து பாதி மூடி வைப்பதில் மட்டும் எந்தப் பயனும் இல்லை.

எஞ்சினின் அடிச்சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சேர்ந்திருக்கும் காய்ந்த இலையையும் மண்ணையும் கையாலேயே அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம்.

மார்ச் 4, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. பித்தளையாக இருக்கும் எல்லாவற்றையும் இன்றைக்கே கழற்றிப் பூட்டி வையுங்கள். பிரஷர் கேஜ், விசில், தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியின் குழாய்கள், முக்கியமாகத் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் பொறித்த தகடு. கழற்றும் முன் இருக்கிற இடத்திலேயே படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் கம்பியால் சீட்டு கட்டுங்கள். செய்தி பரவிய மறுவாரமே இவை காணாமல் போவது வழக்கம். பழைய இரும்புக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது, எஞ்சின் மேல் உயிரையே வைத்திருப்பதாகச் சொல்லும் ரசிகர்களும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மார்ச் 7

சரி, ஓட வைப்பது பற்றி. ஒருவர் எழுதியிருக்கிறார்: “பாய்லரில் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்த்தார்கள், ஒழுகவில்லை, அப்புறம் என்ன பயம்?”

தண்ணீர்ச் சோதனை ஏன் தண்ணீரில் செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் கிட்டத்தட்ட அமுங்காது. வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றும்போது எங்காவது கிழிந்தால் சர்ரென்று கொஞ்சம் தண்ணீர் வரும், அழுத்தம் உடனே விழும், அவ்வளவுதான். நீராவியில் கதை வேறு. சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் சுமார் 180 டிகிரி சூட்டில், கொதிக்காமல் அடங்கி நிற்கிறது. தகடு கிழிந்த நொடியில் அதில் ஒரு பங்கு நீராவியாக மாறுகிறது, ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். பாய்லர் வெடித்தால் எஞ்சின் பறந்துபோய் விழுகிறது என்று படித்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

தண்ணீர்ச் சோதனை சொல்வதெல்லாம் இன்றைக்கு, இந்தக் குளிர்ந்த நிலையில் இது பிடித்து நிற்கிறது என்பது மட்டுமே. தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அது சொல்லாது. அதற்கு அல்ட்ராசோனிக் கருவியால் கட்டம் கட்டமாகத் தடிமன் அளக்க வேண்டும், மெலிந்த இடத்தில் இன்னும் நெருக்கமாக அளக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் ஃபயர்பாக்ஸின் (தீ எரியும் பெட்டியின்) அடி வளையத்தை ஒட்டிய மூலைகளும் பாய்லர் பீப்பாயின் அடிவயிறும். வண்டல் படிவது அங்கேதான்.

அப்புறம் ஸ்டே. ஃபயர்பாக்ஸின் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் இழுத்துப் பிடித்திருக்கும் குட்டைக் கம்பிகள், வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில் இருக்கும். எனக்கு இந்த எஞ்சின்களிலேயே ரொம்பப் பிடித்த விஷயம் இதில்தான் இருக்கிறது. பல ஸ்டேக்களின் முனையில் பென்சில் முனை அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை துளைத்திருப்பார்கள். கம்பி உள்ளே உடைந்தால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் கசியும், வெளியே நிற்பவனுக்கு எந்தக் கம்பி போயிற்று என்று தெரிந்துவிடும். ஒரு கசிவு வந்தால் ஒரு ஸ்டே போயிற்று என்று அர்த்தம். கொடுமை என்னவென்றால், கசிவு அசிங்கமாக இருக்கிறது என்று அந்த ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்த பாய்லரையும் பார்த்திருக்கிறேன். அடைத்த ஓட்டை எதையும் சொல்லாது.

மார்ச் 8

“நீராவி வேண்டாம், கம்ப்ரஸர் வைத்துக் காற்றில் ஓட்டலாமே” என்று கேட்டவருக்கு: ஓட்டலாம், செய்கிறார்கள். ஆனால் காற்று பாய்லருக்குள் போகக் கூடாது. பழைய பாய்லரில் அடைத்த காற்று, நான் நேற்று சொன்ன தண்ணீருக்கு நேர் எதிர், நன்றாக அமுங்கி விசை சேர்த்து வைத்துக்கொள்ளும். கம்ப்ரஸரிலிருந்து தனிக் குழாய் போட்டு, குறைந்த அழுத்தத்தில், நேரே சிலிண்டருக்குக் கொடுங்கள். சிலிண்டருக்கு எண்ணெய் போவதையும் பார்த்துக்கொள்ளுங்கள், காற்று வறண்டது. மெதுவாக முன்னும் பின்னும் போகும். குழந்தைகள் கைதட்டுவார்கள். சத்தம் மட்டும் சைக்கிள் பம்ப் மாதிரி இருக்கும், அதை மன்னித்துவிடுங்கள்.

மார்ச் 13

“சர்க்கரை ஆலை எஞ்சினில் அப்படி என்ன விசேஷம், மெயின் லைன் எஞ்சின் என்றாலாவது பரவாயில்லை” என்ற கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும்.

குறுகிய பாதை ரயிலின் கதையே பாதி சர்க்கரைக் கதை. பிரான்சில் 1870களின் நடுவில் பால் டெக்கோவில் என்பவர் தன் பண்ணையில் சர்க்கரைக் கிழங்கைச் சேற்று நிலத்திலிருந்து வெளியே கொண்டுவருவதற்காகத்தான் தூக்கிப் போடும் தண்டவாளத்தைச் செய்தார். ஏணி மாதிரி தண்டவாளத் துண்டு, இரண்டு பேர் தூக்கி வயலில் போட்டு, அறுவடை நகர நகர அதையும் நகர்த்தலாம். கரும்புக்கு அது இன்னும் பொருத்தம். வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் சர்க்கரைச் சத்து இறங்கிக்கொண்டே போகும், சீக்கிரம் ஆலைக்குப் போயாக வேண்டும். ஜாவா, கியூபா, ஹவாய், குயின்ஸ்லாந்து, ஃபிஜி என்று கரும்பு போன இடமெல்லாம் இந்தக் குட்டி ரயிலும் போனது. கூடவே நம் ஆட்களும் போனார்கள். ஃபிஜிக்கு 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் ஏற்றினார்கள், 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் போனது. அங்கே சிஎஸ்ஆர் என்ற ஆஸ்திரேலிய சர்க்கரைக் கம்பெனியின் கரும்பு ரயிலில் பயணிகள் வண்டியும் ஓடியது, டிக்கெட்டே கிடையாது, இலவசம். அந்தக் கம்பெனிக்காக 1912இல் ஹட்ஸ்வெல் கிளார்க் என்ற பட்டறை செய்த எஞ்சின் ஒன்று இன்றைக்கு இங்கிலாந்தில் ஸ்டாட்ஃபோல்ட் என்ற இடத்தில், ஃபிஜி என்ற பெயரிலேயே, நன்றாக இருக்கிறது.

மெயின் லைனில் நீராவி செத்த பிறகும் சர்க்கரை ஆலைகளில் அது பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம் பாசம் இல்லை, சக்கை. ஆலை தன் கரும்பைப் பிழிந்து முடித்ததும் எரிபொருள் கையில் வந்து நிற்கிறது, காசில்லாமல். ஜாவாவில் சக்கையைக் கட்டுகளாகக் கட்டி எஞ்சினுக்குப் பின்னால் மலைபோல் அடுக்கிக்கொண்டு போவார்கள். பிலிப்பைன்ஸின் நீக்ரோஸ் தீவிலும் சக்கை தின்னும், அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனி செய்த எஞ்சின்கள் ரொம்ப நாள் ஓடின. ஆலையிலிருந்து வரும் சக்கையில் பாதிக்குப் பாதி ஈரம், நிலக்கரியின் மூன்றில் ஒரு பங்கு சூடுகூடத் தராது. எஞ்சினில் தீ போடும் ஃபயர்மேன் நிமிர முடியாது, போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எரிந்துகொண்டே வெளியே பறக்கும் துகள் காய்ந்த கரும்புத் தோட்டத்தில் விழுந்தால் என்ன ஆகும்? அதனால்தான் இந்த எஞ்சின்களின் புகைபோக்கி மேலே பூதாகரமாகப் பெருத்திருக்கும், உள்ளே பொறியைத் தடுக்கும் வலையும் தடுப்பும். பொறி பயத்தால் நெருப்பே இல்லாத எஞ்சினையும் சில ஆலைகள் வைத்திருந்தன. கிழக்கு ஜாவாவின் செம்போரோ ஆலையில் இருந்தவை அப்படி. ஆலையின் பெரிய பாய்லரிலிருந்து நீராவியை நிரப்பிக்கொண்டு, அது தீரும்வரை ஓடும்.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தின் ஹன்ஸ்லெட் பட்டறை 1971இல்கூட ஜாவாவின் திராங்கில் ஆலைக்குப் புத்தம்புதிய நீராவி எஞ்சின் செய்து அனுப்பியது. 1971! மனிதன் நிலவுக்குப் போய்வந்துவிட்டான்.

மார்ச் 14

சுருக்கமாக, ஆனால் இதை விட்டுவிடாதீர்கள். பாய்லரைச் சுற்றிய மெல்லிய தகட்டுக்குக் கீழே வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ சுண்ணாம்புப் பூச்சு போல் உதிரும் பொருள் இருந்தால் கை வைக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸாக இருக்க நிறைய வாய்ப்பு. மாதிரி எடுத்துச் சோதித்து, தெரிந்தவர்களைக் கொண்டு எடுக்க வேண்டும். பழைய பெயின்டில் ஈயமும் இருக்கும், காய்ந்த பெயின்டைக் கிரைண்டர் வைத்துப் பறக்கவிட வேண்டாம். ஆர்வத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக வந்து சுத்தியலால் தட்டி உதிர்ப்பதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது.

மார்ச் 22

இப்போது நான் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். நிறுத்துவதா ஓட்டுவதா என்ற சண்டையில் மூன்றாவதாக ஒன்று அடிபட்டுப்போகிறது: எதைப் பாதுகாக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

எல்லோரும் சொல்வது, “ஒரிஜினல் நிலைக்குக் கொண்டுவருவோம்”. எது ஒரிஜினல்? ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ பட்டறை வாசலைத் தாண்டிய நாள் எஞ்சின் அப்படி இருந்தது, சரி. அதன் பிறகு அறுபது, எழுபது அரவை ஆலையில் உழைத்திருக்கிறது. நிலக்கரிக்காகச் செய்த ஃபயர்பாக்ஸை ஆலைக் கொல்லன் சக்கைக்கு ஏற்றபடி மாற்றியிருப்பான், புகைபோக்கியை வெட்டிப் பெரிதாக்கியிருப்பான், ஓட்டுபவன் தலையில் வெயில் படாமல் கூரையை நீட்டியிருப்பான். எங்கள் எஞ்சினில் கேபின் பக்கத் தகட்டைத் துரு சுரண்டும்போது, உள்பக்கம் எண்ணெய் டிரம்மின் முத்திரை தெரிந்தது. டிரம்மை வெட்டி விரித்து, தட்டிச் சமப்படுத்தி, ரிவெட் அடித்திருக்கிறார்கள். ரிவெட் இடைவெளி ஒன்றுபோல் இல்லை, ஆனால் ஒன்றுகூட ஆடவில்லை. அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுத் தகடு போடலாம் என்று கூட இருந்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். நான் விடவில்லை. பட்டறையில் செய்த எஞ்சினின் வரைபடம் எங்காவது ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும், இந்த டிரம் தகட்டுக்கு வரைபடம் கிடையாது, இது போனால் போனதுதான்.

பெயின்டும் அப்படித்தான். மொத்தமாக உரிக்கும் முன் மறைவான ஓர் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு, நைஸான உப்புத்தாளால் தண்ணீர் தொட்டு வட்டமாகத் தேயுங்கள். நடுவில் இரும்பும் சுற்றிலும் ஒவ்வொரு பூச்சும் வளையம் வளையமாகத் தெரியும். எங்களுக்கு மேலே கருப்பு, கீழே ஒரு மங்கிய நீலம், அதற்கும் கீழே பச்சை வந்தது. சிவப்புச் சக்கரம் எங்கேயும் இல்லை. சக்கரத்துக்குச் சிவப்பு யார் அடித்தார்களோ, எல்லா ஊர் எஞ்சினும் இப்போது அதே செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

எண்களையும் பாருங்கள். பெயர்த் தகடு திருடு போயிருந்தாலும் கனெக்டிங் ராட் (பிஸ்டனையும் சக்கரத்தையும் இணைப்பது), கப்ளிங் ராட் (சக்கரங்களை ஒன்றோடொன்று இணைப்பது), வால்வு கியர் (சிலிண்டருக்குள் நீராவியை விடும் அமைப்பு) துண்டுகளில் எஞ்சினின் எண்ணை உளியால் குத்தியிருப்பார்கள். துருவை மெல்ல எடுத்துவிட்டு, சாக்பீஸ் தேய்த்துத் துடைத்தால் எண் வெள்ளையாக எழும்பி வரும். இடது பக்க ராடில் ஒரு எண்ணும் வலது பக்கத்தில் வேறு எண்ணும் வந்தால் குழம்ப வேண்டாம். ஆலையில் ஒரே மாதிரி எஞ்சின் இரண்டு மூன்று இருக்கும், அரவை நடுவில் ஒன்று படுத்தால் இன்னொன்றின் உறுப்பைக் கழற்றிப் போட்டு ஓட்டுவார்கள். கரும்பு காத்திருக்காது. அந்த வேறு எண் பிழையில்லை, காணாமல் போன இன்னொரு எஞ்சினின் மிச்சம்.

ஐரோப்பிய அருங்காட்சியக ரயில்வேக்களின் கூட்டமைப்பு 2005இல் ரீகா சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. செய்யும் மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும், முடிந்தவரை திரும்ப எடுக்கக்கூடிய விதத்தில் செய்ய வேண்டும் என்பதுபோல நிதானமான விஷயங்கள் அதில் உண்டு. எஞ்சினை ஓட்டுவதற்கு அது தடை போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து சொல்வார்கள்.

மார்ச் 23

வந்து சொல்லிவிட்டார்கள். நன்றி.

ஏப்ரல் 2

மேலே எழுதியதையெல்லாம் மறுபடி படித்தேன். ஓட்டவே கூடாது என்று நான் சொல்வதுபோல ஒலிக்கிறது. பத்து வருஷம் முன்பு உண்மையிலேயே அதுதான் என் நினைப்பு. இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை.

காரணம் ஓர் ஆள். பழைய ஆலை ஃபயர்மேன், வயதானவர், எங்கள் கொட்டகைக்கு வந்தார். நின்ற எஞ்சினைப் பார்த்து அவருக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை, “நல்லா வெச்சிருக்கீங்க தம்பி” என்பதோடு சரி. இன்னொரு இடத்தில் நீராவி ஏற்றிய எஞ்சின் பக்கம் கூட்டிப்போனபோது அதே மனிதர் ஃபயர்பாக்ஸ் கதவைத் திறந்த நொடியில் பேச ஆரம்பித்தார். சக்கையை நடுவில் குவிக்கக் கூடாது, சுற்றிலும் சுவர் ஓரமாகப் போட வேண்டும், நடுவில் காற்றுக்கு வழி விடவேண்டும், கம்பிகளில் சாம்பல் உருகிக் கண்ணாடிக் கட்டியாக ஒட்டும்போது எந்தக் கோணத்தில் குத்த வேண்டும், எல்லாம் கையால் காட்டினார். சக்கைச் சாம்பலில் மணற்சத்து அதிகம், அது உருகிப் படியும் என்று எனக்குப் படித்துத் தெரியும். எந்தக் கோணம் என்று எந்தத் தாளிலும் இல்லை. சூடான எஞ்சின் இருந்தால்தான் அது அவர் வாயிலிருந்து வரும்.

ஆகவே என் இப்போதைய நிலை: ஒரே மாதிரி பல எஞ்சின் பிழைத்திருந்தால், அதில் ஏற்கெனவே நிறைய உறுப்பு மாறிப்போன ஒன்றை ஓட்டுங்கள். தனியொன்றாக இருப்பதை, ஆலையின் கைவேலை முழுசாக ஒட்டியிருப்பதை, கூரைக்குக் கீழே நிறுத்தி அப்படியே விடுங்கள். ஓட்ட வேண்டும், பாய்லர் தேறாது என்றால் புதிய பாய்லர் செய்யுங்கள், ஆனால் பழையதை வெட்டி விற்காமல் பக்கத்திலேயே வையுங்கள். டிஸ்னிலேண்டில் ஃபிரெட் கர்லி என்ற பெயரில் ஓடும் எஞ்சின் 1894இல் பால்ட்வின் செய்தது, லூசியானாவில் கரும்பு இழுத்துக்கொண்டிருந்தது. கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள், எஞ்சினும் வாழ்கிறது. கரும்பு இழுத்தது என்பதை அதைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஹவாயின் கவாய் தீவில் க்ரோவ் ஃபார்ம் வைத்திருக்கும் 1887ஆம் வருடத்து பாவ்லோ அப்படி இல்லை, தோட்ட எஞ்சினாகவே இருக்கிறது, கொஞ்ச தூரம் ஓடவும் செய்கிறது. திராங்கில் எஞ்சினுக்கு வருகிறேன்: ஜாவாவில் 750 மில்லிமீட்டர் பாதையில் ஓடியதை, இங்கிலாந்தில் இரண்டு அடிப் பாதைக்கு ஏற்றபடி மாற்றினார்கள். எனக்கு அதில் மனத்தாங்கல்தான். ஆனால் ஓடுகிறது, மழையில் நனையவில்லை, நாலு பேர் அதில் வேலை கற்றுக்கொள்கிறார்கள். இந்த மூன்றையும் ஒரு பக்கம் வைத்தால் என் மனத்தாங்கல் கொஞ்சம் இளைத்துத்தான் போகிறது.

ஏப்ரல் 9

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். எஞ்சினை வேறு இடத்துக்கு, கூரை உள்ள இடத்துக்கு, மாற்ற அனுமதி கிடைத்துவிட்டதாம், டிராக்டர் கட்டி லாரி வரை இழுக்கப் போகிறார்களாம். நிறுத்துங்கள்!

பிஸ்டன் சிலிண்டருக்குள் துருவேறிப் பிடித்திருக்கும். அப்படியே இழுத்தால், சக்கரம் சுற்றாமல் தண்டவாளத்தில் தேய்ந்து தட்டையாகும், இல்லை பிஸ்டன் அசைந்து சிலிண்டர் சுவரைக் கீறிவிடும், ராடே வளைந்தாலும் வளையும். முதலில் இரண்டு பக்கமும் கனெக்டிங் ராடைக் கழற்றிவிடுங்கள், பிஸ்டன் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதைப் பிறகு டீசலும் எண்ணெயும் விட்டு ஊறப்போட்டு நிதானமாகப் பார்க்கலாம். அச்சுப் பெட்டிகளைத் திறந்து உள்ளே இருக்கும் பழைய பஞ்சையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு எண்ணெய் விடுங்கள். பிறகு ஜாக்கி வைத்து ஒவ்வொரு அச்சாகத் தூக்கி, சக்கரம் கையால் சுற்றுகிறதா பாருங்கள். கப்ளிங் ராடை விட்டுவைப்பதா கழற்றுவதா என்பதை அந்தச் சுற்றலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கொக்கியைச் சட்டத்தில் மட்டும் மாட்டுங்கள். படிக்கட்டிலும் கைப்பிடியிலும் பஃபர் தகட்டிலும் மாட்டிப் பிய்த்தெடுத்த எஞ்சின்கள் போதும்.

கழற்றிய ராடில் எந்தப் பக்கம், எந்த முனை முன்னால் என்று உடனே பெயின்டால் எழுதிவிடுங்கள், பித்தளைத் துண்டுகளையும் இடையில் வரும் மெல்லிய தகடுகளையும் அந்தந்த ராடோடே சேர்த்துக் கட்டுங்கள். லாரிக்காரர் அவசரப்படுத்துவார், வாடகையை நாளைக்குச் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போது செய்யுங்கள்.